படிக்காமல் விட்ட இரண்டு பக்கங்கள்

இந்த வண்டியைப் பற்றி எழுதுகிறேன் என்று குழு நண்பர்களிடம் வாக்களித்து ஓராண்டுக்கு மேலாகிறது. "நாவலும் கவிதையும் பேசுகிற இடத்தில் எஞ்சினைப் பற்றி எழுதி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நடந்ததில் பாதி வாசிப்பைப் பற்றியது. அதாவது, தன்னை நல்ல வாசகன் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவன் வாசிக்காமல் விட்டதைப் பற்றியது. ஆகவே நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

வண்டி 1987ஆம் ஆண்டின் வோல்க்ஸ்வாகன் வேனகன். ஐரோப்பாவில் இதையே டி3 என்பார்கள். கூரையை மேலே தூக்கினால் இரண்டு பேர் படுக்கும் பரண். பின்னிருக்கையை விரித்தால் இன்னொரு படுக்கை. இரட்டை அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, மடிக்கும் மேசை, சிறிய குளிர்பெட்டி. இந்த உள்வேலைகள் எல்லாம் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்துடையவை. 1844இல் ஒரு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. மரப்பலகைகளின் இணைப்புகளைப் பார்த்தால் இன்றும் ஒரு தச்சனின் கௌரவம் தெரியும். 2021இல், பெருந்தொற்றினால் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த சலிப்பில், ஓய்வுபெற்ற ஒரு தம்பதியரிடமிருந்து வாங்கினேன். வாங்கிய நாளில் என் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எஞ்சின் எங்கே?" என்றாள். அதுதான் முதல் பாடம்.

எஞ்சின் பின்புறத்தில், படுக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் பின்கதவைத் திறந்து, அரிசிப் பையையும் குக்கரையும் போர்வைகளையும் தரையில் இறக்கி, மெத்தையைத் தூக்கி, கம்பளத்தைச் சுருட்டி, கடைசியாக ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே 2.1 லிட்டர் எஞ்சின் மல்லாந்து படுத்திருக்கும். பழைய வோல்க்ஸ்வாகன் வேன்களின் எஞ்சின்கள் காற்றினால் குளிர்ந்தவை. இது தண்ணீரால் குளிர்வது. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவே வண்டியின் நீளம் முழுவதும் குழாய்கள் ஓடுகின்றன. இரண்டு டன் எடையை இழுக்கத் தொண்ணூறு சொச்சம் குதிரைத்திறன். மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் பணிவாக ஊர்ந்து போகப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்குரிய மனநிலை ஒன்று உண்டு. எனக்கு அது இயல்பாகவே வாய்த்திருந்தது.

பழுது முதன்முதலில் தலைகாட்டியது 2023 மார்ச் மாதம். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சாக்ரமெண்டோவுக்கு மேற்கே டேவிஸ் நகரில். அங்கிருந்து வடக்கே ஐந்தாம் எண் நெடுஞ்சாலை, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல் ரெட் பிளஃப் வரை போகும். இருபுறமும் பாதாம் தோப்புகள், வயல்கள். காலை ஓரிடத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு எடுக்கத் தேவையில்லை. அப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று குலுங்கியது. பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன், மேலும் திணறியது. இன்னும் அழுத்தினேன், இழுவை அறவே போயிற்று. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பியது. ஏப்ரலில் மறுபடியும் அதே சாலையில், ஏறக்குறைய அதே தொலைவில், அதே கூத்து. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. இங்கே பழைய வண்டிகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக நடக்கும் புகைச் சோதனையில்கூட அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் தேறியிருந்தது. மருத்துவமனை வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுவிடும் குழந்தைகள் உண்டல்லவா, அந்த வகை.

எனக்குத் தெரிந்த வழி புத்தகம். பென்ட்லி பதிப்பகத்தின் கனத்த பழுதுபார்ப்புக் கையேட்டை வாங்கினேன். ஜான் மியூர் 1969இல் எழுதிய, வோல்க்ஸ்வாகனை உயிரோடு வைத்திருப்பது பற்றிய புகழ்பெற்ற கையேட்டையும், அது பழைய காற்றுக்குளிர் எஞ்சின்களுக்கானது என்று தெரிந்தே, நடைக்காக வாங்கி ரசித்துப் படித்தேன். ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் நூலைப் பற்றி நம் கூட்டத்தில் நான் அரைமணி நேரம் பேசியது சிலருக்கு நினைவிருக்கலாம். கவனமில்லாத மெக்கானிக்குகள் அவருடைய எஞ்சினைப் பாழாக்கியதையும், கடைசியில் சில காசு பெறாத ஓர் ஊசியே காரணம் என்று தெரியவந்ததையும் உருக்கமாகச் சொன்னேன். இவ்வளவும் படித்தவனுக்குத் தன் வண்டி ஏன் திணறுகிறது என்று தெரியவில்லை. ஓர் எஞ்சின் ஓடக் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் வேண்டும் என்பது வரை வந்து நின்றேன்.

இத்தகைய வண்டிகளைப் பார்ப்பவர் என்று தெரிந்தவர்கள் சொல்ல, பக்கத்துச் சிற்றூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எழுபதை நெருங்கியவர். தனி ஆள். தகரக் கொட்டகை, வண்டியைத் தூக்கி நிறுத்த இரண்டு மேடைகள். உட்கார நாற்காலி கிடையாது. வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேள்விகள் கேட்டார். எஞ்சின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? மேடா, சமதளமா? டாங்கில் எவ்வளவு பெட்ரோல்? மழை பெய்ததா? கிளம்பி எத்தனை நிமிடம் ஆகியிருந்தது? குலுங்கியபோது உங்கள் கால் என்ன செய்தது?

"அழுத்தினேன்."

"எடுத்துப் பார்க்கவில்லையா?"

நெடுஞ்சாலையில் வண்டி நிற்கப் போகும்போது யாராவது காலை எடுப்பார்களா என்று நினைத்தேன். சொல்லவில்லை. விசாரணைக் கைதியைப்போல் கேட்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

மூன்று நாள் வைத்திருந்தார். போனபோது, பழுதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். "நாற்பது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், குலுங்கவில்லை. நடக்காத ஒன்றை என்னால் அளக்க முடியாது. அளக்காமல் எதையும் மாற்றவும் மாட்டேன். அளந்தவற்றை எழுதியிருக்கிறேன்." இரண்டு பக்கம், பொடி எழுத்தில், கையால் எழுதிய தாள். கூடவே, இரண்டு மணி நேரக் கூலி 260 டாலர் என்று ஒரு பில்.

அங்கே இன்னொரு வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார். அவர் இருக்கிறார் என்பதற்காகவே குரலை உயர்த்தினேன் என்று இப்போது தோன்றுகிறது. "தெரியவில்லை என்று சொல்வதற்கு 260 டாலரா? அதை நான் இலவசமாகவே சொல்லியிருப்பேனே" என்றேன். சாதுரியமாகப் பேசிவிட்ட திருப்தி எனக்கு. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பில்லை வாங்கி, தொகையை அடித்து, 130 என்று எழுதித் திருப்பித் தந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதனால்தான் பாதியாகக் குறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். பணத்தை வைத்துவிட்டு, தாளை நாலாக மடித்து, முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிற்றறைக்குள் திணித்துவிட்டு வந்தேன்.

அடுத்துப் போன இடத்தில் சோபா இருந்தது. காப்பி இயந்திரம், கண்ணாடிச் சுவர், கணினியில் அச்சாகும் மதிப்பீடு. வரவேற்பில் இருந்தவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "பெட்ரோல் பம்ப்தான். இந்த வயது வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறோம்" என்றார். என்ன தெளிவு! அவருடைய உறுதி எனக்குள்ளும் பாய்ந்தது. பம்ப், ஃபில்டர், ஸ்பார்க் பிளக்குகள், அவற்றுக்கான ஒயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், போதாததற்கு ஆக்ஸிஜன் சென்சார். மொத்தம் 1,840 டாலர். மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவில் வாகனப் பழுதுபார்ப்போரைக் கண்காணிக்க அரசுத் துறை ஒன்றே இருக்கிறது. வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் தந்து வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், சில விதிவிலக்குகள் தவிர, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும் வேண்டும். நான் கேட்கவில்லை. பழைய பம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று நினைத்தேன். பம்பின் அழுத்தத்தை அளந்தீர்களா என்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டென்றே எனக்குத் தெரியாது.

மே, ஜூன் இரண்டு மாதமும் வண்டி அருமையாக ஓடியது. சுற்றுவட்டாரத்துக்குள் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். "பார்த்தாயா" என்று மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

எங்கள் மகள் அந்த செப்டம்பரில் கல்லூரிக்குப் போகவிருந்தாள். அதற்குமுன் ஒருமுறை லாசன் எரிமலைப் பூங்காவுக்குப் போய், மான்சனிட்டா ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்குவது என்று வண்டி வாங்கிய நாளிலிருந்து திட்டம். முதல் கோடையில் பெருந்தீ அந்தப் பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. அடுத்த கோடையில் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. 2023 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்தபின் புறப்பட்டோம். தாழ்ந்த வெயிலே முப்பத்தைந்து பாகை இருக்கும்.

வில்லோஸ் நகருக்குச் சற்று முன்னால் வண்டி குலுங்கியது.

அப்போது இடப்புறத் தடத்தில் இருந்தேன், ஒரு லாரியை முந்திக்கொண்டு. எனக்குப் பின்னால் இன்னொரு லாரி. காலை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது: எண்பது, அறுபது, நாற்பது. பின்னால் வந்தவனின் ஹாரன் நிற்காமல் ஒலித்தது. கண்ணாடி முழுவதும் அவனுடைய விளக்குகள். வலப்புறம் முந்திய லாரி நகர்ந்து இடம் விட்ட அந்தச் சில விநாடிகளில் எப்படி வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்தேன் என்று எனக்கு நினைவில்லை. எஞ்சின் அணைந்தது. லாரிகள் கடக்கும்போதெல்லாம் வண்டி அதிர்ந்தது. என் மனைவி பின்னால் திரும்பி மகளின் கையைப் பிடித்திருந்தாள். வெகுநேரம் விடவில்லை.

சாலைக்கு அப்பால் நெல்வயல். சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் அந்தப் பகுதியெல்லாம் நெல்தான். தண்ணீர் கட்டி நின்றது; தவளைகள் கத்தின. வேறொரு நாளாக இருந்தால் தஞ்சாவூரைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன்.

இழுவை வண்டிக்கு அழைக்கக் காப்பீட்டு அட்டையைத் தேடியபோது மடித்த தாள் கையில் வந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது, என் கண்ணாடி எங்கோ மூட்டைக்குள். மகள் தாளை வாங்கிச் செல்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அப்பா, இதப் படிச்சீங்களா?"

"பார்த்தேன்."

"படிச்சீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினாள். முதல் பக்கம் முழுவதும் எண்கள். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது, எஞ்சின் தேயவில்லை. பெட்ரோல் அழுத்தம் வெற்றிடக் குழாயைக் கழற்றினால் 2.5 பார், மாட்டினால் 2. இருக்க வேண்டிய அளவுதான். பம்ப் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளின் நிறம் சரி, மாற்ற வேண்டாம். குளிர்நீரின் சூட்டைக் கணினிக்குச் சொல்லும் சென்சார், எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டாயிரம் ஓம்ஸுக்குச் சற்று மேல், சூடானபின் முந்நூறு, சரி.

"மாற்ற வேண்டாம்" என்பது ஐந்து இடத்தில் இருந்தது. நான் 1,840 டாலர் கொடுத்து மாற்றியவை பெரும்பாலும் அவைதாம்.

இரண்டாம் பக்கத்தில் சில வரிகளே. மகள் அதை இரண்டு முறை வாசித்தாள். பழுது என் கையில் நிகழவில்லை. நீண்டநேரம் ஒரே வேகத்தில் ஓடினால் மட்டும் வருகிறது என்று உரிமையாளர் சொல்வது உண்மையானால், காற்றின் அளவைச் சொல்லும் மீட்டர்மீது சந்தேகம். மறுபடியும் குலுங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்து, இரண்டு விநாடி கழித்து மறுபடி அழுத்திப் பார்க்கவும். சரியாகிவிட்டால் பெட்ரோல் காரணமல்ல. வண்டியை என்னிடம் கொண்டுவரவும். அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

வண்டியைக் கிளப்பி அடுத்த வெளிவழியில் இறங்கித் திரும்பினோம். வீடு வரும்வரை இன்னும் இரண்டு முறை குலுங்கியது. இரண்டு முறையும் காலை எடுத்தேன். இரண்டு விநாடி என்பது நெடுஞ்சாலையில் எவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத் தெரிந்தது. மறுபடி அழுத்தியதும் வண்டி சாதுவாக ஓடியது. வீட்டு வாசலில் என் மனைவி இறங்கி, "சரியாகுற வரைக்கும் நானும் ஏற மாட்டேன், இவளையும் ஏத்த மாட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கொட்டகைக்குப் போனேன். வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை மனத்துக்குள் திருத்திக்கொண்டே போனேன். நல்ல வாக்கியங்களாக அமைந்திருந்தன. அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. 130 டாலரை எடுத்து மேசைமேல் வைத்து, "ஏப்ரலில் கொடுக்காமல் விட்டது" என்றேன். பெருந்தன்மையாக மறுப்பார் என்று உள்ளூர எதிர்பார்த்திருக்கிறேன் போலும். அவர் எண்ணினார். பெட்டியில் போட்டார். ரசீது எழுதித் தந்தார். பிறகு கேட்டார்:

"காலை எடுத்தீர்களா?"

"எடுத்தேன்."

"என்ன ஆயிற்று?"

சொன்னேன். அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். என்னைப் பார்த்த சிரிப்பல்ல அது. கணக்குச் சரியாக வந்துவிட்டவனின் சிரிப்பு.

இரண்டாவது இடத்தின் பில்லைக் காட்டி, அவர்களைப் பற்றி ஏதாவது சொல்ல மாட்டாரா என்று எதிர்பார்த்தேன். அவர் வரிவரியாகப் படித்துவிட்டு, "நல்ல பம்ப்தான் போட்டிருக்கிறார்கள். பழையதும் நல்ல பம்ப்தான்" என்று மட்டும் சொன்னார்.

காற்று மீட்டர் என்பது ஒரு சிறு பெட்டி. எஞ்சின் உறிஞ்சும் காற்று அதன் வழியே போகும்போது உள்ளே இருக்கும் ஒரு மடலைத் தள்ளுகிறது. மடலின் அச்சில் ஒரு மெல்லிய உலோகக் கை. அது கரி பூசிய வில்போன்ற தடத்தின்மேல் உரசியபடி நகர்கிறது. அது எங்கே நிற்கிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று வருகிறதென்று கணினி அறிந்து, அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கச் சொல்கிறது. முப்பத்தாறு ஆண்டு உரசினால் எந்தத் தடமும் தேயும். அதிலும் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போகும்போது கை ஒரே புள்ளியில் நின்று நடுங்கிக்கொண்டிருக்கும்; அந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். அங்கே தொடர்பு விட்டுவிட்டு வரும்போது கணினி குழம்புகிறது. காலை எடுத்தால் மடல் அசைகிறது, கை பள்ளத்தைவிட்டு நகர்கிறது, தகவல் மறுபடி தெளிவாகிறது. நகரத்துக்குள் கால் ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பதால் அந்தப் பள்ளத்தில் கை தங்குவதே இல்லை. இந்த வகை வண்டிகளில் இது அறியப்பட்ட கோளாறுதான். வோல்க்ஸ்வாகனே பிற்பாடு இதற்கென ஒரு துணை ஒயரிணைப்பை வெளியிட்டது.

இவ்வளவு தெரிந்தபிறகும் அவர் மீட்டரைக் கழற்றவில்லை. "இதுவரை சந்தேகம்தான். பார்த்துவிடுவோம்" என்றார். பின்னாலிருக்கும் எஞ்சினிலிருந்து ஓட்டுநர் இருக்கைவரை இரண்டு நீண்ட ஒயர்களை இழுத்து, ஒரு வோல்ட் மீட்டரை முன்பலகையில் டேப் போட்டு ஒட்டினார். எண் காட்டும் புதுவகை மீட்டரல்ல. முள் ஆடுகிற பழைய மீட்டர். இமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் தடுமாற்றத்தை எண்கள் காட்டாது, முள் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் அமர்ந்து முள்ளைப் பார்க்க, மறுபடியும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை. முக்கால் மணி நேரம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. வில்லியம்ஸ் நகரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், வண்டி சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே, முள் துடிக்கத் தொடங்கியது. அவர் விரலால் தொடாமல் சுட்டிக் காட்டினார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், வண்டி குலுங்கியது. நான் காலை எடுத்தேன். முள் நின்றது.

"இப்போது மாற்றலாம்" என்றார்.

மாற்றவும் இல்லை. மீட்டரின் கறுப்பு மூடியை மெல்லப் பெயர்த்து, தடத்தை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, கை தேயாத இடத்தில் உரசும்படி பொருத்தினார். தேய்ந்த கோட்டைப் பூதக்கண்ணாடியில் எனக்குக் காட்டினார்; தலைமுடியில் பாதி அகலம் இருக்கும். துணை ஒயரிணைப்பையும் போட்டார். கை அங்கே போனதற்காக, எஞ்சினில் திருகியிருந்த பழுப்பு எர்த் ஒயர்களையும் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினார். சோதனை ஓட்டத்தையும் சேர்த்து 410 டாலர். அதில் ஒரு காசும் குறைத்துக் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நாமக்கல்லில் என் தாய்மாமன் லாரி வைத்திருந்தார். வண்டி பட்டறைக்குப் போனால் அவரும் போவார். கவிழ்த்துப்போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்து, வேலை முடியும்வரை கிளம்ப மாட்டார். மெக்கானிக் நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார், பிறகு அதை மாமாவிடம் நீட்டுவார், மாமாவும் கேட்பார். இருவருக்கும் ஒரே சத்தம் கேட்டால் எஞ்சினைப் பிரிப்பார்கள். மாமா அந்த மெக்கானிக்கை நம்பினார் என்று நாங்கள் சொல்வோம். நம்பினார் என்பதைவிட, கூடவே இருந்து பார்த்தார் என்பதுதான் சரி. இந்த நாட்டில் பெரிய பட்டறைகளுக்குள் வாடிக்கையாளரை விடமாட்டார்கள், காப்பீட்டு விதி. டிரம் கிடையாது, சோபாதான் உண்டு. அந்தக் கிழவர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும் எனக்கு நீட்டிய திருப்புளிதான். நான் காதில் வைக்கவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த ஊரில், என் நிறத்தைப் பார்த்து என்னை ஏமாற்றுவார்களோ என்ற பழைய அச்சம் எனக்குள் எப்போதும் விழித்திருக்கிறது. அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் அந்த அச்சம், கிரீஸ் கறையோடு நின்று தெரியவில்லை என்று சொன்னவரிடம் சீறியது. குளிரூட்டிய அறையில் சிரித்துக்கொண்டு எல்லாம் தெரியும் என்று சொன்னவரிடம் வாலைச் சுருட்டிக்கொண்டது. இதைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தெளிவு போதவில்லை.

ஆகஸ்ட் கடைசி வாரம் லாசனுக்குப் புறப்பட்டோம். என் மனைவியை நான் அழைக்கவில்லை. வேலை முடிந்து வண்டி வந்த அன்றே அவளிடம் புதிய தாளைக் கொடுத்திருந்தேன். இம்முறை மூன்று பக்கம். இரண்டு நாள் வைத்திருந்து படித்தாள். ஓரிரு இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தாள். அந்தக் கேள்விகளை அவரிடம் அவளே தொலைபேசியில் கேட்டாள். பிறகுதான் பரணில் இருந்த போர்வைகளை எடுத்து வெயிலில் போட்டாள்.

வில்லோஸைக் கடக்கும்போது யாரும் பேசவில்லை. நெற்கதிர்கள் பழுக்கத் தொடங்கியிருந்தன. மகள் பின்னாலிருந்து நிமிடங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். ஒரு மணி இருபது நிமிடத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

புதிய தாளின் கடைசிப் பத்தி வேறொன்றைச் சொல்கிறது. வலப்பக்கச் சிலிண்டர் தலையின் அடியில், ரப்பர் காஸ்கெட் ஓரமாகக் குளிர்நீர் கசிந்த தடம் இருக்கிறது, இன்னும் சொட்டவில்லை. இந்த எஞ்சின்களுக்கு இது வரும். இன்றில்லை, ஓராண்டா, ஐந்தாண்டா என்று என்னால் சொல்ல முடியாது. பாஸ்பேட் கலக்காத குளிர்நீரையே ஊற்றவும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் மட்டத்தைப் பார்க்கவும். இந்த வண்டியில் அந்தப் புட்டி விசித்திரமான இடத்தில் இருக்கிறது. பின்பக்க நம்பர் பலகையைக் கீழே மடக்கினால் அதன் பின்னால் தெரியும்.

ரெட் பிளஃபில் பெட்ரோல் போட நிறுத்தினேன். நான் அட்டையைச் செருகிக்கொண்டிருக்கும்போதே மகள் இறங்கிப் பின்னால் போய்விட்டாள். நம்பர் பலகை மடங்கும் சத்தம் கேட்டது.

"கோட்டுக்கு மேலதாம்ப்பா இருக்கு."